ஒட்டு விரல் ஆபரேஷன்: மலையிலிருந்து சேலம் இறங்கும் முன்பே முடிக்க வேண்டியவை

விரல்கள் ஒட்டிப் பிறந்த ஒரு குழந்தைக்குச் சேலத்தில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. நடுவிரலும் மோதிர விரலும் தனித்தனியாக மடங்குகின்றன, வேறு இடத்திலிருந்து எடுத்து வைத்த தோல் பிடித்துக்கொண்டது, இரண்டு நகமும் நல்ல நிறத்தில் இருக்கின்றன. டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தார்கள். குழந்தையின் குடும்பத்தை அலைக்கழித்தது அதற்கு முந்தைய காகித வேலைதான். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் இது. ஏற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒட்டு விரல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலம் வருகிறவர்களோடு நாங்கள் கூடப் போய்வருகிறோம். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

"ஒரு வயசு ஆகட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். வீட்டில் உடனே எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். அவர் தள்ளிப் போடச் சொன்னது ஆபரேஷனை மட்டும்தான். பிறப்புச் சான்றில் பெயர், குழந்தைக்கு ஆதார், ரேஷன் கார்டில் பெயர், வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒன்றையொன்று நம்பி நிற்பவை. அந்த ஒரு வருடம் இவற்றுக்காகத்தான் கிடைத்திருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே பதிவு முடிந்துவிட்டது. ஆனால் பெயர் வைக்கவில்லை, சான்றில் பெயர்க் கட்டம் காலி. பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுப் பெயர் வைக்கலாம் என்று காத்திருந்ததில் மாதங்கள் ஓடின. பெயர் இல்லாததால் ரேஷன் கார்டில் சேர்க்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஏற்கெனவே இருந்தது, அதில் தாத்தா பாட்டி வரை எல்லோரும் இருந்தார்கள், குழந்தை மட்டும் இல்லை.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் போன் செய்து கேட்டபோது "எல்லா ஒரிஜினலும் எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்கள். எந்தெந்த ஒரிஜினல் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கி, வழியெல்லாம் வாந்தி எடுத்த குழந்தையோடு காப்பீட்டு மேஜைக்குப் போனால், அங்கிருந்தவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குழந்தை பேரே இதுல இல்லையேம்மா. இது உங்க குழந்தைன்னு நாங்க எப்படி எழுதறது?"

"சேர்த்துடறோம்ங்க சார். தேதி மட்டும் குடுத்துடுங்க."

"சேர்த்துட்டு வாங்க, தேதி பாக்கலாம்."

விதிப்படி அவர் சொன்னது சரிதான். அதைப் போனிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். எனவே போனில் இப்படிக் கேளுங்கள்: ரேஷன் கார்டில் குழந்தை பெயர் வேண்டுமா, குழந்தை ஆதார் வேண்டுமா, எக்ஸ்ரே இருக்க வேண்டுமா, புகைப்படம் வேண்டுமா. ஒவ்வொன்றுக்கும் ஆமா, இல்லை என்று பதில் வாங்கிக்கொண்டு, சொன்னவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கேட்டாலே பதில் கொஞ்சம் ஒழுங்காக வரும்.

காப்பீட்டுக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். அட்டை பதியும் மையம் கலெக்டர் அலுவலகத்தில். வருமானச் சான்று தாலுகாவில் வாங்க வேண்டியது, ஏற்காட்டுக்காரர்களுக்கு அது மேலேயே முடிந்துவிடும். அதற்காகச் சேலம் இறங்காதீர்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆதாரில் கைரேகை எடுப்பதில்லை, பெற்றோர் ஒருவரின் ஆதாரோடு இணைப்பார்கள். "விரல் ஒட்டியிருக்கு, ஆபரேஷன் முடிஞ்சு ஆதார் எடுங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒட்டிய விரலோடே எடுக்கலாம்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற இந்த அட்டை கட்டாயமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி. எந்த நாள் என்று முதலில் விசாரியுங்கள். எலும்பு ஓ.பி.யில் வரிசையில் நின்று, உள்ளே போனபின் "இது இங்க இல்லைங்க" என்று கேட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

அட்டை சரியான பிறகு அடுத்த இழுவை. ஆபரேஷன் செலவுக்குக் காப்பீட்டில் முன் அனுமதி கேட்டு அனுப்பியது "அழகுக்கான சிகிச்சையா?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. காரணம், ஓ.பி. சீட்டில் "ஒட்டு விரல், பிரிக்க வேண்டும்" என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்றால், எந்தக் கை, எந்த விரல்கள், பிறவியிலேயே வந்தது என்பது, நகம் வரை முழுதாக ஒட்டியதா பாதி வரையா, தோல் மட்டுமா எலும்பும் சேர்ந்ததா, குழந்தையால் எதைப் பிடிக்க முடியவில்லை, எத்தனை கட்டமாக ஆபரேஷன். இதோடு எக்ஸ்ரே, கையை விரித்து வைத்து உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும் எடுத்த படங்கள். டாக்டர் அவசரத்தில் இருப்பார்தான். சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படித்துவிடுங்கள். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போக இன்னொரு டோக்கன்.

மலைக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழுவைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்தக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை வரும். 18 வயது வரை பார்ப்பார்கள். வளைபாதம், உதடு அண்ணப் பிளவு, பிறவி இதயக் குறை எல்லாம் அவர்கள் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன, ஒட்டு விரல் இல்லை. அதனால் பட்டியலில் இல்லை என்று ஒதுக்கிவிடும் வாய்ப்பு உண்டு. பரிந்துரைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். குழு அனுப்பும் மாவட்ட மையத்துக்குப் போனால் இதயம், காது, வளர்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், பின்னால் மயக்க டாக்டர் கேட்கும் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

எங்கே காட்டினாலும் குழந்தையின் சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். கையை மட்டும் பார்த்து அனுப்புகிற இடங்கள் நிறைய. ஒரு பக்க மார்புத் தசை வளராமல் அதே பக்கக் கைவிரல் ஒட்டியிருப்பது போலண்டு சிண்ட்ரோம். இரண்டு கை, இரண்டு கால் விரல்களும் ஒட்டி, தலை உயரமாக, நெற்றி துருத்திக்கொண்டு இருந்தால் ஏபர்ட் சிண்ட்ரோம். அங்கே கைக்கு முன்னால் மண்டை ஓட்டைப் பார்க்க வேண்டும், ஒரு மாதம்கூடத் தள்ளக் கூடாது. விரலைச் சுற்றி நூல் கட்டியது போலப் பள்ளம் இருந்தால் அது வேறு வகை. அப்பாவின் செருப்பையும் கழற்றச் சொல்லுங்கள். காலில் இரண்டாவது மூன்றாவது விரல் ஒட்டியிருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கும். பரம்பரையாக வரும் வகையில் அடுத்த குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

"கிரகணத்தப்ப இவ காய் அரிஞ்சா, அதான்" என்று பாட்டி ஆரம்பிப்பார். மருமகள் தலை குனிந்துவிடுவாள். பாட்டியிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கருவில் விரல்கள் பிரிவது 6லிருந்து 8 வாரத்துக்குள். இடையிலிருக்கும் சவ்வு அந்த நேரத்தில் தானாகக் கரைய வேண்டும், கரையாமல் நின்றுவிட்டது. பெரும்பாலும் நர்சம்மாவிடம் கர்ப்பம் பதிவதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். 2,000 முதல் 3,000 குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. சவ்வில் முடியையோ நூலையோ இறுக்கிக் கட்டி அறுக்கப் பார்ப்பதும் சில வீடுகளில் நடக்கிறது. ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். எண்ணெய் தேய்த்து இழுத்தாலும் பிரியாது.

ஒரு வயது என்ற கணக்கு எல்லா விரலுக்கும் பொருந்தாது. நடுவிரலும் மோதிர விரலும் ஏறக்குறைய ஒரே நீளம், 12லிருந்து 18 மாதம் வரை பொறுக்கலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், அல்லது மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருந்தால் நீளமான விரலைக் குட்டையான விரல் இழுத்துக்கொண்டே இருக்கும். வளர வளர நீள விரல் கோணிக்கொள்ளும். இவற்றுக்கு ஆறாவது மாதத்திலேயே டாக்டர் தேதி பேச வேண்டும். "ஒரு வயசு ஆகட்டும்" என்று இந்த விரல்களுக்கும் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

மூன்று விரல் சேர்ந்திருந்தால் ஒரே தடவையில் முடியாது. நடுவில் இருக்கும் விரலை இரண்டு பக்கமும் ஒன்றாக அறுத்தால் அதன் ரத்தக் குழாய்களுக்கு ஆபத்து. இடையில் 3 முதல் 6 மாதம் விடுவார்கள். இரண்டாவது முறைக்குத் தனி அனுமதி வேண்டும், முதல் முறை வாங்கிய டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஆபரேஷன் தேதி வந்தால் காபிப் பழம் பறிக்கும் பருவத்தைப் பாருங்கள். நவம்பரிலிருந்து சில மாதம் வீட்டில் ஆள் இருக்காது, குழந்தைக்குச் சளியும் அப்போதுதான். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மயக்க டாக்டர் திருப்பி அனுப்பத்தான் செய்வார், அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. முதல் நாளே சேலத்தில் தங்கிவிடுங்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன் வெறும் வயிறு கணக்கு: சாப்பாடு, பிஸ்கட், பசும்பால், பவுடர் பால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. அழுகிறதே என்று யாராவது பிஸ்கட் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கத்தில் அது வாந்தியாகி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். வசம்பு வளையல், கருப்புக் கயிறு, மருதாணி, நகச்சாயம் எதுவும் அந்தக் கையில் வேண்டாம். முடிந்தபின் நகத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் ரத்தம் ஓடுகிறதா என்று சொல்வார்கள்.

வெளியே வந்ததும் அம்மாக்கள் அதிர்ந்துபோவது கையைப் பார்த்து அல்ல. "கையிலதானே ஆபரேஷன், தொடை இடுக்குல எதுக்குங்க கட்டு?" முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒட்டிய இரண்டு விரலைச் சுற்றியிருந்த தோல், பிரிந்த இரண்டு விரலைத் தனித்தனியாகச் சுற்றப் போதாது. குறைகிற இடத்துக்கு இடுப்புக்குக் கீழே மடிப்பிலிருந்து தோல் எடுத்து வைப்பார்கள். கோடு நேராக இல்லாமல் கோணல் மாணலாக இருப்பதும் வேண்டுமென்றே செய்வதுதான், நேர்க்கோட்டில் அறுத்தால் தழும்பு சுருங்கி விரலை மடக்கிவிடும். தோல் எடுத்த இடம் மூத்திரத்தில் நனையும். நாப்கின் போட்டு மூடாமல் பருத்தித் துணி, நனைந்ததும் மாற்றுங்கள்.

கட்டு முழங்கைக்கு மேல் வரை, கை மடங்கிய நிலையில் போட்டிருக்க வேண்டும். முழங்கைக்குக் கீழேயே நிறுத்திய கட்டை ஒன்றரை வயதுக் குழந்தை உருவி எறிந்துவிடும். இரண்டு மூன்று வாரம் அப்படியே. கையைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். அரிக்கிறது என்று விளக்குமாற்றுக் குச்சி விடாதீர்கள். விரல் நுனி நீலமாகவோ வெளிறியோ தெரிந்தால், நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால், ரத்தம் கட்டை மீறி ஊறினால் காலையில் போகலாம் என்று படுக்க வேண்டாம். ராத்திரி மலையிலிருந்து இறங்கக் கூப்பிட்டால் வருகிற ஒரு வண்டிக்காரர் நம்பரை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுப் பிரித்த அன்று பாதிப் பேர் கதை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். தோல் ஆறியதும் தழும்பைத் தினமும் சில வேளை எண்ணெய் தொட்டு அழுத்தி நீவ வேண்டும், மாதக்கணக்கில். சிலிக்கோன் ஜெல் வாங்க முடிந்தால் நல்லது. வளரும்போது இடைச்சவ்வு மெல்ல மேலே ஏறி வரலாம், அதற்குத் திரும்ப ஒரு சின்ன ஆபரேஷன் தேவைப்படும். ஆண்டுக்கு ஒருமுறை காட்டுங்கள்.

காலின் இரண்டாவது மூன்றாவது விரல் மட்டும் ஒட்டியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். நடக்க, ஓட, செருப்புப் போட எந்தத் தடையும் இல்லை. "பொம்பளப் புள்ள, நாளைக்குக் கல்யாணம்" என்று சொல்லிக் கத்தி வைக்கச் சொல்கிறவர்களுக்குத் தழும்பு வலியைப் பற்றித் தெரியாது. மாற்றுத்திறனாளி அட்டைக்கும் அவசரப்பட்டு அலையாதீர்கள். சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும், இரண்டு விரல் தோலோடு ஒட்டியதற்கு அவ்வளவு தர மாட்டார்கள். ஏபர்ட் போன்றவற்றுக்குக் கேட்கலாம்.

5 வயதில் ஆதாருக்குக் கைரேகை வைக்க வேண்டும். அப்போதும் ஏதாவது விரல் பிரிக்காமல் இருந்தால், அல்லது தழும்பால் ரேகை பதியாவிட்டால், பதிய முடியாத விரலுக்கு விதிவிலக்குப் பதிவு செய்ய வழி உண்டு. ஆபரேட்டர் "பதியலைங்க, அப்புறம் வாங்க" என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள், டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலைக் காட்டுங்கள்.