புத்தக அலமாரியிலிருந்து புறப்படும் ஞானிகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புத்தக அலமாரியின் மேல்தட்டில் யாரும் எதையும் வைக்கக் கூடாது. அங்கே பொம்மைகளாக மூன்று ஞானிகளும் ஓர் ஒட்டகமும் நிற்பார்கள். கிறிஸ்துமஸ் குடில் இருப்பது கூடத்தின் மறுமூலையில், ஜன்னலுக்குக் கீழே. ஜனவரி 6ஆம் தேதி, ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா. அதற்குள் அவர்கள் அலமாரியிலிருந்து இறங்கி, நாற்காலிகளைத் தாண்டி, தொலைக்காட்சி மேசையைச் சுற்றிக்கொண்டு குடிலுக்கு வந்து சேர வேண்டும். தினமும் படுக்கப்போகும் முன் பிள்ளைகள் அவர்களை ஒரு சாண் நகர்த்துவார்கள். யாருடைய சாண் என்பதில்தான் தகராறெல்லாம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. அவன் சாணை நம்பினால் ஞானிகள் ஈஸ்டருக்குத்தான் வந்து சேருவார்கள்.

ஞானிகளை முதல் நாளே குடிலுக்குள் நிறுத்திவிடுகிற வீடுகள்தான் அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மத்தேயு நற்செய்தியைப் புரட்டிப் பார்த்தால், அவர்கள் விண்மீனைப் பின்தொடர்ந்து வந்து நுழைவது ஒரு வீட்டுக்குள். தொழுவம் என்ற பேச்சே அங்கில்லை. மூன்று பேர் என்றும் எழுதப்படவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கைகள் மூன்று இருப்பதால் கொண்டுவந்தவர்களும் மூவர் என்று பிற்காலத்தில் ஆகிவிட்டது. இதைத் தெரியாத்தனமாகப் பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை நான்காவது ஞானியாக ஒரு பிளாஸ்டிக் தீயணைப்பு வீரர் ஒட்டகத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் என்ன கொண்டுபோகிறார் என்று கேட்டதற்கு, "தண்ணீர்" என்றான் சின்னவன். பாலைவனத்தைக் கடந்து வருகிறவர்களுக்கு அதைவிட உருப்படியான பொருள் வேறென்ன இருக்கிறது என்று என் மாமியார் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தீயணைப்பு வீரர் இப்போது நிரந்தர உறுப்பினர்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கிறிஸ்துமஸ் ஒரு நாள் விழா அல்ல என்பது என் அபிப்பிராயம். 25ஆம் தேதி வந்த வேகத்தில் போய்விடும். நாம் சமாளிக்க வேண்டியதெல்லாம் அதற்கு முந்தைய நான்கு வாரங்களைத்தான். "இன்னும் எத்தனை நாள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கும். மூன்றரை வயதுக்காரனுக்குப் 'பதினெட்டு நாள்' என்றால் என்ன புரியும்? அவனுக்குத் தெரிந்த காலம் இரண்டே. இப்போது, இப்போது இல்லை.

இந்தக் கேள்வியால் அலுத்துப்போனவர்களில் நான் முதல் ஆள் அல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் துளைத்தெடுத்ததால் 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை வர்த்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு வர்த்தி. நாளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனால், எத்தனை எரிகின்றன, எத்தனை மிச்சம் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இன்று தேவாலயங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்தில் வைக்கும் நான்கு வர்த்தி வளையத்துக்கு அதுதான் மூலம் என்கிறார்கள். பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் பிறந்த வழக்கம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

எங்கள் வீட்டு வளையத்தில் மூன்று ஊதா வர்த்திகள், ஓர் இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பு மூன்றாவது ஞாயிறுக்கு உரியது, மகிழ்ச்சி ஞாயிறு. காத்திருப்பில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்பதற்கான ஆறுதல். பெரியவள் ஒவ்வோர் ஆண்டும் அதைத்தான் முதலில் ஏற்ற வேண்டும் என்று வாதாடுவாள், ஒவ்வோர் ஆண்டும் தோற்பாள். ஏற்றுவது பெரியவர்கள், ஊதி அணைப்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வாரம் என்பது சட்டம். மெழுகுவர்த்தி எரியும்போது அறையை விட்டு யாரும் நகரக் கூடாது என்பது துணைச் சட்டம். கிறிஸ்துமஸ் திங்கட்கிழமையில் வரும் ஆண்டுகளில் நான்காவது ஞாயிறும் 24ஆம் தேதியும் ஒன்றாகிவிடும். 2023இல் அப்படித்தான் ஆனது. நான்காவது வர்த்திக்கு ஒரே ஒரு மாலைதானா என்று பெரியவள் கொதித்துப்போனாள். நியாயம் வேண்டுமென்று பாட்டியிடம் முறையிட்டாள். பாட்டி, பண்டிகை முடிந்தபிறகும் அதை மட்டும் சில நாள் எரியவிடச் சொல்லிச் சமரசம் செய்துவைத்தார். வழிபாட்டு முறைப்படி அது சரியா என்று நான் யாரையும் கேட்கவில்லை.

நாள் எண்ணுவதற்குக் கடையில் நாட்காட்டி கிடைக்கிறது. ஒவ்வொரு கதவாகத் திறந்தால் உள்ளே இனிப்போ பொம்மையோ இருக்கும். எங்களுடையது தீப்பெட்டி நாட்காட்டி. காலித் தீப்பெட்டிகள் இருபத்து நான்கை ஆண்டு முழுதும் சேர்த்து, வண்ணத்தாள் ஒட்டி, எண் எழுதி, ஒரு பழைய புகைப்படச் சட்டத்துக்குள் அடுக்கினார் என் கணவர். பெட்டிக்குள் பரிசு கிடையாது. ஒரு சீட்டு, அதில் கதையின் ஒரு துண்டு. லூக்கா நற்செய்தியில் வானதூதர் மரியாவிடம் வரும் இடத்தில் தொடங்கி, இடையர்கள் வரும் இடம் வரை இருபத்து நான்கு துண்டு. பரிசு இல்லாத பெட்டியைப் பிள்ளைகள் சீண்டுவார்களா என்று கேட்ட உறவினர்கள் உண்டு. சீண்டுகிறார்கள். பெட்டியை இழுத்துத் திறப்பதே அவர்களுக்குப் பாதிச் சந்தோஷம். நாளைக்குக் கதை எங்கே போகும் என்பது மீதி.

ரோமப் பேரரசர் அகுஸ்து சீசர் மக்கள்தொகைக் கணக்கெடுக்கச் சொன்ன சீட்டு வந்த அன்று, கணக்கெடுப்பு என்றால் என்ன என்று பெரியவள் கேட்டாள். வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்வது என்றேன். அரைமணி நேரத்தில் பள்ளி நோட்டும் பென்சிலுமாக அடுக்களைக்கு வந்துவிட்டாள். என் பெயர், வயது, தொழில். தொழில் என்ற இடத்தில் 'சத்தம் போடுவது' என்று எழுதினாள். பாட்டிக்கு 'கண்ணாடி தேடுவது'. தம்பியின் பெயரை எழுத மறுத்துவிட்டாள், அவன் சீசருக்குக் கீழ்ப்படியவில்லையாம். அவன் அழ, நான் தலையிட, கடைசியில் பட்டியலின் அடியில் அவன் பெயர் ஏறியது, குளியலறைப் பல்லிக்கு அடுத்தபடியாக. அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்து அன்றைய தீப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில் அதையும் சேர்த்துத்தான் வாசிக்கிறோம். கணக்கெடுப்பும் புதிதாக நடக்கிறது. பல்லி மட்டும் எப்போதும் தம்பிக்கு முன்னால்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வழக்கம் உண்டாவது இப்படித்தான். நாம் யோசித்து யோசித்து ஏற்பாடு செய்தவை இரண்டாம் ஆண்டே மறந்துபோகின்றன. தற்செயலாக நடந்தது, "போன வருஷம் செய்தோமே" என்ற ஒரே வாக்கியத்தால் சட்டமாகிவிடுகிறது.

குடில் எங்களிடம் இரண்டு. ஒன்று என் மாமியாரின் களிமண் குடில், அவருடைய திருமணத்துக்கு வந்தது. சூசையப்பரின் கைத்தடி உடைந்து, பல்குத்தும் குச்சியால் ஈடுகட்டப்பட்டிருக்கிறது. அது உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். மற்றொன்று பிள்ளைகளுடையது. துணியாலும் மரத்தாலும் ஆனது, விழுந்தாலும் உடையாது, கடித்தாலும் குற்றமில்லை. தொடக் கூடாத குடிலைச் சின்னப் பிள்ளைகள் முன் வைப்பது கொடுமை. 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது பொம்மைகளை அடுக்கவில்லை. வைக்கோல் நிறைந்த தீவனத்தொட்டி, உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை, சுற்றிலும் ஊர் மக்கள். பெத்லகேமில் குழந்தை இயேசு பட்ட குளிரையும் கடினத்தையும் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். மாடும் கழுதையும் லூக்காவின் பிறப்புக் கதையில் இல்லை, பழைய ஏற்பாட்டின் எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. எங்கள் சின்னவனிடம் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. அவனைப் பொறுத்தவரை அந்தக் கதையே கழுதையின் கதைதான்.

தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாக இருக்கும். ஒவ்வொரு நற்செயலுக்கும் ஒரு வைக்கோல் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டில் அது ஒரு வாரம் தாங்கியது. "தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தேன், ஒன்று. அவன் குடிக்கவில்லை, ஆனாலும் ஒன்று" என்று கணக்குப் பார்க்கும் குரல் கேட்கத் தொடங்கியதும், என் கணவர் வைக்கோல் கட்டு முழுவதையும் எடுத்துத் தொட்டியில் கொட்டினார். "குழந்தைக்குக் குளிரும். நாம் நல்லவர்களாகும்வரை அது காத்திருக்க முடியாது" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. சொன்னால் இப்படி எதையாவது சொல்வார்.

இதே காரணத்துக்காகத்தான் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் போலீஸ்காரராக்குவதும் எனக்குப் பிடிக்காது. "அடம்பிடித்தால் தாத்தா வரமாட்டார்" என்று மிரட்டுவதற்குப் பெரியவர்கள் வெட்கப்பட வேண்டும். அந்தத் தாத்தாவுக்கு மூலவரான புனித நிக்கோலாஸ், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயர், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மகள்கள் மூவரையும் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஓர் ஏழைத் தகப்பனின் வீட்டுக்குள் இரவில் பொன்முடிப்புகளை வீசிவிட்டுப் போனார் என்பது மரபுக் கதை. அந்தப் பெண்கள் நல்ல பிள்ளைகளா என்று அவர் விசாரித்ததாகக் கதையில் இல்லை. அவர் விழா டிசம்பர் 6. அன்று இரவு நாங்கள் யாராவது ஒருவரின் வாசலில் பெயர் போடாமல் ஒரு பொட்டலம் வைத்துவிட்டு ஓடிவருவோம். சின்னவன் ஓடும்போது சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவான். அக்கம்பக்கத்தார் தெரியாததுபோல் நடிப்பதற்குப் பழகிவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் நட்சத்திரம், விளக்குச் சரத்தின் ரிமோட் ஆகியவற்றில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். மூடி திருகாணியால் இறுக்கப்படாத எதையும் நாங்கள் வீட்டுக்குள் விடுவதில்லை. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு எல்லோரும் போவதில்லை. ஒருவர் பெரியவளோடு போக, ஒருவர் சின்னவனோடு வீட்டில் தங்குவோம். பாட்டி எந்தப் பக்கம் என்பதை அவர் முழங்கால் முடிவு செய்யும். அரைத்தூக்கத்தில் புதுச்சட்டை கசங்க அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்தியாய் நிற்பதாகப் பாவனை செய்வதைவிட இது மேல். கிளம்பும் முன் வீட்டிலேயே இளையவர் குழந்தை இயேசுவைத் தொட்டியில் வைப்பார். நாங்கள் எல்லோரும் பாட வேண்டும், சுருதி கட்டாயமில்லை.

பரிசுகளை ஒரே பாய்ச்சலில் பிரிக்க விடுவதில்லை. ஒருவர் பிரிக்கும்போது மற்றவர்கள் பார்க்க வேண்டும். முதலில் பிரிப்பவர் பாட்டி, வயதில் மூத்தவர் என்பதால். அவர் ஒட்டுத்தாளைக்கூடக் கிழியாமல் உரித்து, தாளை நான்காய் மடித்து மடியில் வைத்துக்கொண்டுதான் பெட்டியைத் திறப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் என் மகன் படும் பாட்டைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனாலும் அவன்தான் பாட்டியின் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து, "இந்தப் பக்கம் ஒட்டு இருக்கிறது பாட்டி" என்று விரலால் காட்டிக்கொடுப்பான்.

25ஆம் தேதி முடிந்ததும் வெளியே விளக்குகள் அவிழத் தொடங்கும். எங்கள் ஞானிகள் அப்போதுதான் தொலைக்காட்சி மேசையைத் தாண்டுவார்கள். ஜனவரி 6 அன்று பெரும்பாலும் பள்ளி நாள், ஆகவே வருகை மாலையில்தான். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம், தண்ணீர். அதன்பிறகு பொருட்களைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்குவோம். பட்டியல் பெரியவளிடம் இருக்கும். போன ஜனவரியில் கழுதை மட்டும் கணக்கில் குறைந்தது. சின்னவனின் சட்டைக்குள் காது தெரிந்தது. ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா பிப்ரவரி 2, அதுவரை குடிலை வைத்திருக்கும் வழக்கமும் உண்டு என்று பாட்டி சாட்சி சொன்னார். பெரியவள் பென்சிலை எடுத்துக் கழுதைக்கு எதிரே 'கடன், பிப்ரவரி 2' என்று குறித்துக்கொண்டு, தம்பியிடம் கையெழுத்து வாங்கினாள். அவன் ஒரு வட்டம் போட்டான்.