கடிதம் வரும்வரை

மார்ச் 2

இன்றும் வரவில்லை.

மார்ச் 3

தபால்காரர் பதினொன்றரைக்கு வந்தார். கரன்ட் பில்லும் பக்கத்து வீட்டுப் பார்சலும். அவ்வளவுதான்.

ராத்திரி நல்ல மழை. இந்த இங்கிலாந்து ஊரில் கென்ட் ஆறு கலங்கலாகப் பொங்கி ஓடுகிறது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "படித்துறை வழுக்கும்டி, பார்த்துப் போ" என்றாள். நான் எங்கும் போகவில்லை, டீ போட்டுக்கொண்டிருந்தேன். "சரிக்கா" என்றேன்.

மதியம் அவள் பெட்டியிலிருந்து அந்தப் பழைய பாடப் புத்தகத்தை எடுத்தேன். தையல் விட்டுப்போய் ஏடு ஏடாக வருகிறது. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் 'டின்டர்ன் ஆபி' கவிதை உள்ள பக்கங்கள் மட்டும் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டன. முப்பது வருடம் வகுப்பில் புரட்டிய பக்கங்கள். ஓரத்தில் பென்சிலில் சின்னதாக அவள் கையெழுத்து: "இங்கே நிறுத்து."

எந்த இடம் என்று பார்த்தேன். 1798 ஜூலை. ஐந்து வருடம் கழித்து வை நதிக்கரைக்குத் திரும்பி வருகிறார் வேர்ட்ஸ்வொர்த். இடைப்பட்ட காலத்தில், நகரத்து அறைகளின் இரைச்சலில் ஓய்ந்துபோனபோதெல்லாம் இந்தக் கரையின் நினைவுதான் ரத்தத்தில் இறங்கி நெஞ்சை ஆற்றியது என்கிறார். அங்கிருந்து இன்னும் உள்ளே போகிறார். மூச்சும் ரத்த ஓட்டமும் ஏறக்குறைய நின்று, உடம்பு தூங்க, உயிர் மட்டும் விழித்திருக்கிற ஒரு நிலை. அப்போது பொருள்களின் உயிருக்குள்ளேயே பார்க்க முடிகிறது. அவ்வளவு தூரம் போனவர் மறுவரியிலேயே, இது வீண் நம்பிக்கையாகவே இருந்தாலும், என்று தொடங்குகிறார். அந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் அக்காவின் பென்சில்.

எதற்காக நிறுத்தச் சொன்னாள்? பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொள்ளவா? அவளே மூச்சு வாங்கிக்கொள்ளவா? இன்று கேட்க முடியாது.

மார்ச் 5

வாசலில் சத்தம் கேட்டதும் ஓடினேன். யாரோ துண்டுப் பிரசுரம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்படி ஓடுவதை வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பர், கவிஞர் கோல்ரிட்ஜ் எழுதியிருக்கிறார். 1798 பிப்ரவரி, உறைபனி இரவு, வீடே தூங்குகிறது. பக்கத்தில் தொட்டிலில் குழந்தை. கணப்புக் கம்பியில் கரிப் படலம் ஒன்று மட்டும் படபடக்கிறது. அப்படிப் படபடத்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று அந்த ஊர் நம்பிக்கை. நம் ஊரில் காக்கை கரைந்தால் விருந்தாளி வருவது போலத்தான். அதைப் பார்த்ததும் பள்ளிக்கூட நாள் ஞாபகம் வந்துவிடுகிறது. அப்பா செத்து, ஒன்பது வயதில் லண்டன் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. வகுப்பில் கதவு பாதி திறந்தாலே நெஞ்சு எகிறும். ஊர்க்காரரோ, அத்தையோ, அவர்களையெல்லாம்விடப் பிரியமான அக்காவோ வந்திருப்பாளோ என்று. ஒரே மாதிரி உடை உடுத்தித் தன்னோடு விளையாடியவள் என்று அவளைப் பற்றி ஒரு வரி.

அந்த அக்கா ஆன் 1791லேயே போய்விட்டாள். எழுதும்போது அவருக்கு அது தெரியும்தானே. தெரிந்தும் கவிதையில் கதவு பாதி திறந்தபடியே இருக்கிறது.

எங்களுக்கும் தீபாவளிக்கு ஒரே துணியில்தான் பாவாடை. மிச்சத் துணியில் அக்கா எனக்கு ரிப்பன் வெட்டித் தருவாள். அரக்கு நிறமா, கரும்பச்சையா என்று எனக்கு நிச்சயமில்லை. அவளுக்குத்தான் தெரியும். என் ஏழு வயசுக்கு முந்தினதெல்லாம் அவளிடம்தான் இருக்கிறது.

மார்ச் 6

கேட்டேன். "எந்தப் பாவாடை?" என்றாள்.

மார்ச் 9

ராத்திரி தூக்கமில்லை. வேர்ட்ஸ்வொர்த் தன் வாழ்க்கையையே பாடிய 'பிரிலூட்'டில் குதிரைகளுக்குக் காத்திருக்கும் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

1783, கிறிஸ்துமஸ் விடுமுறை. வீட்டுக்கு அழைத்துப் போக ஹாக்ஸ்ஹெட் பள்ளிக்குக் குதிரைகள் வரவேண்டும். எந்தப் பாதையில் வருமென்று தெரியாததால் இரண்டு பாதையும் தெரிகிற ஒரு பாறை மேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான் 13 வயதுப் பையன். காற்றும் மழையும். பாதி மறைப்பாக ஒரு மொட்டைச் சுவர். வலது பக்கம் ஒற்றை ஆடு. இடது பக்கம் காற்றில் விசில் அடிக்கும் ஒரு முள்மரம். மூடுபனி விலகி விலகி மூடுகிறது. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறான். வீடு போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆகவில்லை, அப்பா இறந்துபோகிறார். அம்மா ஐந்து வருடம் முன்பே இல்லை.

சாவைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. பின்னாளில் அவர் மனம் திரும்பப் போவதெல்லாம் அந்த ஆட்டுக்கும் முள்மரத்துக்கும் சுவரில் மோதிய காற்றின் ஓசைக்கும்தான். ஊற்றுக்குப் போய் நீர் குடிப்பது போல அங்கே போய்க் குடித்தேன் என்கிறார். அவ்வளவு வறண்ட இடத்தில் என்ன நீர்? அந்த ஏக்கத்துக்காகத் தன்னைத் தண்டித்த கடவுள் முன் தலைகுனிந்தேன் என்றும் சொல்கிறார். தண்டனை கிடைத்த இடமே ஊற்றாவது எப்படி என்று விளக்கவில்லை. விளக்காததால்தான் நான் அதை நம்புகிறேன். பக்தி என்று நான் அறிந்ததும் இந்த மாதிரிதான், அடி வாங்கிய வாசலுக்கே திரும்பப் போவது.

எனக்கு எது மிஞ்சும் என்று யோசித்தேன். எதிர்வீட்டுப் பச்சைக் குப்பைத்தொட்டி, காற்றில் அதன் மூடி திறந்து திறந்து அடிக்கிற சத்தம். தபாலுக்காக நிற்கும்போதெல்லாம் என் கண் அதன் மேல்தான் இருக்கிறது.

மார்ச் 10

என் பெயரை இன்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

மார்ச் 14

கோபமாக இருக்கிறது. யார் மேல் என்று கேட்டால் வேர்ட்ஸ்வொர்த் மேல் என்றுதான் சொல்வேன்.

தன்னை நேசித்த நெஞ்சை இயற்கை ஒருநாளும் கைவிட்டதில்லை. 'டின்டர்ன் ஆபி'யில் இதை அவர் பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்துச் சொல்கிறார். டோரதிக்கு அப்போது 26 வயது. உன் மனம் அழகிய உருவங்களுக்கெல்லாம் மாளிகையாகும், உன் நினைவு இனிய ஓசைகளுக்கெல்லாம் வீடாகும், தனிமையோ பயமோ வலியோ வரும்போது இதுவே உனக்கு மருந்து என்கிறார். அண்ணன் தங்கைக்கு எழுதிக்கொடுத்த பத்திரம் அது.

அந்தத் தங்கையைவிட இயற்கையை நேசித்தவர் யார்? 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் டாஃபடில் மலர்களைப் பார்த்து அவள் தன் நாட்குறிப்பில் எழுதியதைப் படித்தால் போதும். சில மலர்கள் களைத்துப்போய்த் தலையணையில் சாய்வதுபோலக் கல்மேல் தலை வைத்திருந்தனவாம். மலருக்கும் களைப்பு உண்டு என்று பார்த்தவள். இரண்டு வருடம் கழித்து அண்ணன் அதைக் கவிதையாக்கியபோது அவள் அதில் இல்லை. மேகம்போலத் தனியாகத் திரிந்தேன் என்கிறார். மனக்கண்ணைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற இரண்டு வரியும் மனைவி மேரி கொடுத்தவை, அதை அவரே சொல்லியிருக்கிறார்.

1835 முதல் டோரதியின் மனம் தடுமாறத் தொடங்கியது. 1855 ஜனவரியில் சாகும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், ரைடல் மவுன்ட் வீட்டில் அப்படியே. கைவிடவில்லையா?

மார்ச் 15

நேற்று எழுதியது அதிகம். ஆனாலும் அடிக்கப்போவதில்லை.

மார்ச் 17

டோரதியே பதில் எழுதியிருக்கிறாள்! எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போனதே.

1832 வசந்தம். நோய்ப்படுக்கை. வருடத்தின் முதல் பூக்களைப் பறித்து யாரோ அறைக்குள் கொண்டுவருகிறார்கள். எழுந்து போக முடியாதவளுக்கு உள்ளே ஏதோ ஒரு வலு பிறக்கிறது. வலியும் சோர்வும் அடங்குகின்றன. மேடைப் பாதைக்குப் போகிறாள், மலை ஏறுகிறாள், எல்லாம் படுத்தபடியே. இந்தத் தனியறையில் நான் கைதி இல்லை, வை நதியின் பச்சைக் கரைகளைப் பார்த்தேன், உன் வாக்கு நினைவுக்கு வந்தது, கவிஞனே, அண்ணனே, சிறுவயது முதலான தோழனே என்கிறாள். நடக்க வேண்டியதில்லை, பலம் வேண்டியதில்லை, மூச்சுக்காற்றுகூட வேண்டியதில்லை, நினைத்தேன், நினைவோடு அங்கே இருந்தேன்.

34 வருடம் கழித்துப் பத்திரத்தில் போட்ட கையெழுத்து. வாக்குப் பலித்தது என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள்.

அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஆனால் 1832. மனம் தடுமாறியது அதற்கு மூன்று வருடம் கழித்து. இந்தக் கணக்குதான் விடமாட்டேன் என்கிறது. அந்த வீடே இடிந்த பிறகு ஓசைகள் எங்கே போய்த் தங்கும்? அண்ணனின் 'டின்டர்ன் ஆபி'யில் வேறொரு இடம் இருக்கிறது. மறையும் சூரிய ஒளியிலும், சூழ்ந்த கடலிலும், உயிருள்ள காற்றிலும், நீல வானத்திலும், மனித மனதிலும் குடியிருக்கிற 'ஏதோ ஒன்று' என்கிறார். நம் ஆட்கள் உடனே எங்கும் நிறைந்த பரம்பொருள் என்று பேர் வைத்துவிடுவோம். அந்த வரிகளில் அவர் கடவுள் என்ற பேரைச் சொல்லாமல் ஏதோ ஒன்று என்பதோடு நிற்கிறார். நான் கவனித்தது அந்தப் பட்டியலைத்தான். ஒளி, கடல், காற்று, வானம், கடைசியாக மனிதமனம். வீட்டில் ஓர் அறை பூட்டிப்போனால் மற்ற அறைகளில் இருக்காதா?

தெரியவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் போலிருக்கிறது.

மார்ச் 18

ராபின் குருவியின் கதையை அக்காவிடம் சொன்னேன். ரைடல் மவுன்ட்டில் பூனைகளை வெளியேற்றிய பிறகு வீட்டுக்குள் ராபின்கள் வரத்தொடங்கின. அதில் ஒன்று, கூண்டு எதுவுமில்லாமல், படுக்கையில் கிடந்த டோரதியின் அறையிலேயே தங்கிவிட்டது. ராத்திரி ஆனால் சுவரில் ஓர் ஆணிமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்பு ஏதோ படம் மாட்டியிருந்த வெற்று ஆணி. பாடும். சிறகால் அவள் முகத்துக்கு விசிறும். இதைச் சொன்னவர் அண்ணன்தான்.

அக்கா முழுதும் கேட்டாள். பிறகு தன் அறைச் சுவரைக் காட்டினாள். டிசம்பரில் காலண்டரைக் கழற்றியபின் அங்கேயும் ஓர் ஆணி சும்மாதான் இருக்கிறது, பக்கத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் பெயர்ந்து.

"ஜன்னலைத் திற" என்றாள். திறந்தேன். வெளியே நாலு டிகிரி. பத்து நிமிடம் திறந்தே வைத்திருந்தேன்.

மார்ச் 21

555 பஸ்ஸில் ரைடல் போனோம். இவர் லீவு போட்டுக் கூட வந்தார். அக்கா மாடியில் ஏற வேண்டுமென்றாள், விடவில்லை.

தேவாலயத்தை ஒட்டிய டோராவின் வயலில் டாஃபடில்கள் இன்னும் பாதி மொட்டுதான். 1847ல் மகள் டோரா இறந்தபின் வேர்ட்ஸ்வொர்த் குடும்பம் நட்டது. நினைவை மண்ணுக்குள் கிழங்காகப் புதைத்து வைத்திருக்கிறார்கள், வருடா வருடம் அதுவே எழுந்து வருகிறது. அக்கா குனிந்து ஒரு மொட்டைத் தொட்டாள். பச்சை உறை மேலே கிழிந்து உள்ளே மஞ்சள் கசங்கிய காகிதம்போல மடிந்திருந்தது. "இன்னும் பிரிக்கலையே" என்றாள், கடிதத்தைச் சொல்வதுபோல.

எனக்கு ஒரு கணம் பகீரென்றது. அதைப் பற்றி அவளிடம் நான் பேசியதே இல்லை.

மேலே வீட்டைச் சாலையிலிருந்தே பார்த்தோம். எந்த ஜன்னல் டோரதியுடையது என்று தேடிக்கொண்டிருந்தேன். இவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மார்ச் 27

1802ல் இதே நாள், காலைச் சாப்பாட்டின்போது வில்லியம் ஒரு கவிதையில் கொஞ்சம் எழுதினார் என்று டோரதி குறித்திருக்கிறாள். முன்பு புல்லும் ஓடையும் ஒளியுடுத்தி நின்றன, இப்போது எங்கே போயிற்று அந்த ஒளி, எங்கே அந்தக் கனவு என்று கேட்ட இடத்தில் நின்றுவிட்டது. அடுத்த பகுதி வரக் குறைந்தது இரண்டு வருடம் ஆனது. பதில் இல்லாமல் அதுவரை அந்தக் கேள்வியோடு வாழ்ந்திருக்கிறார், நடந்திருக்கிறார், கல்யாணம்கூடச் செய்துகொண்டார்.

என்னால் இரண்டு வாரமே முடியவில்லை.

ஏப்ரல் 2

குப்பைத்தொட்டியின் மூடிமேல் எதிர்வீட்டார் செங்கல் வைத்துவிட்டார்கள். சத்தம் இல்லை.

ஏப்ரல் 9

சாப்பாடு வேண்டாமென்று தட்டைத் தள்ளிவிட்டாள். ஸ்பூனைப் பார்த்து இது என்ன என்றாள். நான் குரலை உயர்த்திவிட்டேன். உயர்த்தியிருக்கக் கூடாது.

சாயங்காலம் சமாதானமாகப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஆரம்பத்திலேயே, ஐந்து கோடைகள், ஐந்து நீண்ட குளிர்காலங்கள் என்ற இடத்தில் எனக்கு ஒரு சொல் தடுக்கியது. அக்கா எடுத்துக்கொண்டாள். கண் ஜன்னல்மேல், குரல் வகுப்புக் குரல். நதிச் சத்தம், செங்குத்துப் பாறைகள், மரங்களுக்கு மேலே எழும் புகை, நகரத்து அறைகள், எல்லாம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. மூச்சு அடங்குகிறது, உடம்பு தூங்குகிறது, பொருள்களின் உயிருக்குள் பார்க்கிறோம்.

நிறுத்தினாள்.

நான் காத்திருந்தேன். அடுத்த வரி என் நுனி நாக்கில் இருந்தது, சொல்லவில்லை. வெளியே ஆற்றுச் சத்தம். அவள் கை என் முழங்கால்மேல். பென்சிலில் எழுதிய இடத்தில் நிறுத்தினாளா, அதற்குமேல் இல்லாததால் நின்றாளா? முகத்தைப் பார்த்தேன். அமைதியாகத்தான் இருந்தது. விளக்கு போடாமலே உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 12

"அரக்கு" என்றாள். விடியற்காலை, நான் போர்வை சரிசெய்யும்போது. வேறெதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16

நேற்று 15. அல்ஸ்வாட்டர் போகலாம் என்று மாதம் முழுக்க நினைத்திருந்தேன், நாளே மறந்துபோச்சு. கடிதம் நேற்றுக் காலையில் வந்தது.

இவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும். அக்காவின் நீலக் கம்பளிச் சட்டை, கண்ணாடி, மாத்திரை டப்பா, புத்தகம். தளர்ந்த ஏடுகளைச் சுற்றிக் கட்ட ரிப்பன் ஏதாவது