வெறும் சதுரம்

அக்காவுக்கு 38 வயதில் மார்பில் கட்டி வந்தது. குன்னூரிலிருந்து கோயம்புத்தூருக்கு இறங்கி முதலில் பார்த்த டாக்டர், "உங்க அம்மா, பெரியம்மா, சித்தி யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றோம். ஃபைலில் குடும்ப வரலாறு இல்லை என்று எழுதிவிட்டார். அப்பா பக்கத்தை அவர் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இன்றுவரை மனதை அறுப்பது அதுதான்.

கட்டி 'டிரிபிள் நெகட்டிவ்' வகை, அதாவது மார்புப் புற்றில் வழக்கமாகத் தேடும் மூன்று அடையாளங்களும் இல்லாதது. வயதையும் அதையும் சேர்த்துப் பார்த்த வேறொரு டாக்டர்தான் மரபணு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மா ஒரு தாளில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று குடும்பப் படம் போட்டுக்கொண்டே அப்பா பக்கத்தையும் கேட்டார். அத்தை 41 வயதில் மார்புப் புற்றில் போனார். அப்பாவைப் பெற்ற ஆத்தா வயிற்றில் நீர் கோத்து இறந்தார். அது சினைப்பைப் புற்றாக இருந்திருக்கலாம் என்றார். இரண்டு வட்டங்களிலும் கருப்பு அடித்தார். நடுவில் அப்பாவின் சதுரம் வெறுமையாக இருந்தது. நோய் வராமலே ஒருவர் அதற்கு வழிவிடும் மரபணு மாற்றத்தைப் பிள்ளைகளுக்குக் கடத்தலாம்; ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

என் ரத்தத்தையும் அன்றே எடுக்கச் சொன்னேன். அவர் மறுத்தார். நோய் வந்தவரை முதலில் சோதிக்க வேண்டுமாம். எனக்கு மட்டும் பார்த்து ஒன்றும் இல்லை என்று வந்தால், குடும்பத்திலேயே இல்லையா, எனக்கு மட்டும் வரவில்லையா என்று தெரியாது. அக்காவிடம் மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால் எனக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறையும்.

அக்காவுக்கு பிஆர்சிஏ1 மரபணுவில் மாற்றம் இருந்தது. பழுதானால் மார்பிலும் சினைப்பையிலும் புற்று வர வழிவிடும் மரபணு அது. கூடவே வேறொரு மரபணுவில் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்றும் ஒரு வரி இருந்தது. அக்கா அதைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தாள். அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று ஆலோசகர் திட்டமாகச் சொன்னார்.

பிறகு நானும் ரத்தம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, பஸ் பர்லியாரில் நின்றபோது போன் வந்தது. எனக்கும் இருக்கிறது.

80 வயதுக்குள் மார்புப் புற்று வரும் வாய்ப்பு இந்த மாற்றம் உள்ள பெண்களுக்கு 100இல் சுமார் 70. சினைப்பைப் புற்றுக்கு சுமார் 40. மார்புக்கு வருடந்தோறும் எம்ஆர்ஐ, மேமோகிராம் எடுக்கலாம். சினைப்பையில் வருவதை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான சோதனை கிடையாது. அதனால் குழந்தை பெற்று முடித்தவர்களுக்கு 35இலிருந்து 40 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு 36, இரண்டு பிள்ளைகள். தை மாதம் அறுவை சிகிச்சை. மார்பைப் பற்றி இப்போதைக்கு எம்ஆர்ஐ மட்டும். மார்பை எடுக்க எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

அப்பாவிடம் சொன்ன அன்று, "நானாம்மா உங்களுக்குக் கொடுத்தேன்?" என்று கேட்டார். நீங்களும் ஆத்தாவிடமிருந்து வாங்கியதுதானேப்பா என்றேன். பதில் பேசாமல் தேயிலைக் காட்டுக்குப் போய்விட்டார். நாலு நாள் கழித்து அந்தப் படத்தை நகல் எடுத்துத் தரச் சொன்னார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அத்தை மகள்களைப் பார்க்கக் கோத்தகிரிக்குத் தனியாகவே பஸ் ஏறினார். பெரியவள் திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க வருகிறாள். சின்னவள் இப்போது வேண்டாம் மாமா என்றாளாம். அப்பா வற்புறுத்தவில்லை, நகலை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தார்.