ஸ்பானிய சப்ஜங்டிவ்: ‘நோஸோத்ரோஸ்’ வடிவத்தில் ஏன் சறுக்குகிறது?

நிகழ்கால சப்ஜங்டிவுக்கு (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்ல வரும் வினைவடிவம்) வகுப்பில் சொல்லித்தரும் சூத்திரம் இதுதான்: ‘யோ’ (நான்) வடிவத்தை எடுத்து, கடைசி ‘ஓ’வை நீக்கி, ‘ஆர்’ என்று முடியும் வினைகளுக்கு ‘ஏ’ விகுதியும் ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடியும் வினைகளுக்கு ‘ஆ’ விகுதியும் சேர்க்க வேண்டும். வேரின் உயிரொலி மாறும் வினைகளில் இதை அப்படியே நம்பினால் ‘நோஸோத்ரோஸ்’ (நாம்) வடிவம் கெட்டுவிடும்.

பென்ஸார் (நினை) வினையைப் பாருங்கள். யோ வடிவம் பியென்ஸோ. அதிலிருந்து பியென்ஸே, பியென்ஸேஸ், பியென்ஸென் எல்லாம் ஒழுங்காக வரும். நாம் வடிவம் மட்டும் பென்ஸேமோஸ். ஸ்பெயினில் வழங்கும் ‘போஸோத்ரோஸ்’ (நீங்கள்) வடிவமும் அப்படித்தான்: பென்ஸேயிஸ். காரணம் அழுத்தம், அதாவது சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது. அது வேரில் விழுந்தால் ‘எ’ உடைந்து ‘யெ’ ஆகும், ‘ஒ’ உடைந்து ‘உவெ’ ஆகும். விகுதிக்கு நகர்ந்தால் உடையாது. பொதேர் (இயல்) வினையிலும் புவேதா, ஆனால் பொதாமோஸ். மெக்ஸிகோவின் நாட்டுப்புறப் பேச்சில் ‘புவேதாமோஸ்’ காதில் விழும். அங்கே அழுத்தத்தையும் வேருக்கே கொண்டுபோய்விடுகிறார்கள். வழக்குதான் வேறு, விதி அதேதான். தேர்வில் எழுதாதீர்கள்.

‘ஈர்’ வினைகளில்தான் உண்மையான சிக்கல். இங்கே அழுத்தம் இல்லாத இடத்திலும் வேர் பழைய நிலைக்குத் திரும்பாது. ‘எ’ ‘இ’ ஆகும், ‘ஒ’ ‘உ’ ஆகும். தோர்மீர் (தூங்கு): துவெர்மா, ஆனால் துர்மாமோஸ். ஸென்தீர் (உணர்): ஸியென்தா, ஆனால் ஸின்தாமோஸ். லத்தீன் விகுதியில் இருந்த ‘யா’ ஒலி முன்னிருந்த உயிரை மேலே தூக்கியதன் மிச்சம் இது. பெதீர் (வேண்டிக் கேள்) போன்றவை எளிது: பிதா, பிதாமோஸ், எல்லா இடத்திலும் ‘இ’தான்.

ஸென்தாரையும் (உட்கார வை) ஸென்தீரையும் சேர்த்தே படியுங்கள். ‘ஸியென்தே’ என்பது முன்னதற்குச் சப்ஜங்டிவ், பின்னதற்குச் சாதாரண நிகழ்காலம். ‘ஸியென்தா’ நேர் தலைகீழ். நாம் வடிவத்தில் குழப்பமே இல்லை: ஸென்தேமோஸ், ஸின்தாமோஸ்.

தெனேர் (வைத்திரு), பெனீர் (வா) இரண்டும் இந்தக் கணக்கில் சேராது. யோ வடிவமான தெங்கோ, பெங்கோவில் வேர் உடையாததால் தெங்கா, தெங்காமோஸ் என்று நேராகப் போகும்.

எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். ஹுகார் (விளையாடு) ‘ஹுவேகே’ ஆகும்போது ‘ஜி’ எழுத்துக்குப் பின் ‘யூ’ சேர்க்காவிட்டால் ‘க’ ஒலி ‘ஹ’ ஆகிவிடும். எம்பெஸார் (தொடங்கு) வினையில் ‘ஏ’ விகுதிக்கு முன் ‘இஸட்’ போய் ‘ஸி’ வரும், உச்சரிப்பு மாறாது.