கல்தொட்டிக்குள் ஒரு மலைச்சரிவு

கண்காட்சிக்குக் கல்தொட்டித் தோட்டம், அதாவது தொட்டிக்குள் கல்லும் செடியும் வைத்து ஒரு குட்டி மலைச்சரிவு, செய்யும் வேலையில் நேரத்தை விழுங்குவது கல்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நான் வேலை பார்க்கும் நர்சரியில் உயர்மலைச் செடிகளை மட்டும் வளர்க்கிறோம். ஏப்ரல் கடைசியில் ஹாரகேட் வசந்த மலர்க் கண்காட்சி வரும். அதற்கான தொட்டியை முந்தைய ஆண்டு கோடையிலேயே நட்டு முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் மூத்த தோட்டக்காரர் வைத்த விதி. இப்போது நானும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பூத்த செடிகளைச் சட்டியோடு தொட்டிக்குள் இறக்கி, மேலே ஜல்லியைத் தூவி மறைத்துவிடுகிறவர்களும் உண்டு. கண்காட்சி நடக்கும் சில நாட்களுக்கு அது போதும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பார்க்க வருகிறவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் அப்படியே செய்துபார்க்கிறார். இருபது செடி நெருக்கியடித்த தொட்டி இரண்டாம் வருஷமே பாழாகிவிடும். பல வருஷம் வாழக்கூடிய ஒன்றைத்தான் அவர் கண்ணில் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கலை பிறந்ததே பழைய சாமான்களிலிருந்து. 1920களில் ஸ்டீவனேஜில் ‘சிக்ஸ் ஹில்ஸ்’ நர்சரியை நடத்திய கிளாரன்ஸ் எலியட், பண்ணைகளிலும் சமையற்கட்டுகளிலும் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட கல்தொட்டிகளை எடுத்து மலைச்செடிகளை நட்டுக் காட்டினார். பிறகு எல்லோரும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று ஒரு நல்ல பழைய கல்தொட்டி கிடைத்தால் விலை கையைச் சுடும். அதனால் கல்லைப் போலத் தெரியும் ‘ஹைப்பர்டூஃபா’ கலவையில் நாங்களே தொட்டி வார்த்துக்கொள்கிறோம்: சிமெண்ட் ஒரு பங்கு, சொரசொரப்பான மணல் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் இரண்டு பங்கு. முன்பெல்லாம் நார்த்தூளுக்குப் பதில் பீட் என்ற சதுப்புநில மக்கைப் போடுவார்கள். பெரிய அட்டைப்பெட்டிக்குள் சிறியதை வைத்து, இடைவெளியில் கம்பிவலையோடு கலவையைக் குத்தி இறக்குவோம். மறுநாள் அட்டையை உரிக்கும்போது அது இன்னும் விரல்நகம் பதிகிற பதத்தில் இருக்கும். அந்த நேரத்தில்தான் கம்பி பிரஷால் சுரண்டி, விளிம்பை உளியால் மழுக்க வேண்டும். ஒருநாள் தள்ளிப்போனால் அது வெறும் சிமெண்ட் தொட்டிதான், கல்லாகாது. பிறகு பல வாரம் மழையில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவோம். சிமெண்டின் காரம் கழுவிப் போகாமல் செடி வைக்கக் கூடாது.

அடுத்தது உள்ளே வைக்கும் கல். அந்தக் காலத் தோட்டங்களில் யார்க்‌ஷயர் மலைகளின் சுண்ணாம்புப் பாறைத் தளத்தையே பெயர்த்து வந்து அடுக்கியிருப்பார்கள். 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் வந்த பிறகு அந்தத் தளங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அது நியாயமான சட்டம். ஆயிரக்கணக்கான ஆண்டு மழை செதுக்கியதை ஒரு கண்காட்சிக்காக உடைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நாங்கள் டூஃபா என்ற ஊற்றுநீர்ச் சுண்ணாம்புக் கல்லையோ, பழைய தோட்டங்களில் கழித்த கல்லையோ பயன்படுத்துகிறோம். டூஃபா லேசானது, துளைகள் நிறைந்தது, கை டிரில்லிலேயே ஓட்டை போடலாம்.

செக் நாட்டுத் தோட்டக்காரர்களிடமிருந்து பரவிய முறை ஒன்றுண்டு: மெல்லிய பலகைக் கற்களைச் செங்குத்தாக, ஒரே திசையில் வரிசையாக நட்டு, நடுவே விரல் நுழையும் சந்து விடுவது. வேர் குளுமையைத் தேடி ஆழத்துக்குப் போகும், தண்டின் அடிப்பகுதி காய்ந்தே இருக்கும். எல்லாக் கல்லிலும் படிவக்கோடு, அதாவது கல்லின் அடுக்குகள் காட்டும் கோடு, ஒரே சாய்வில் ஓட வேண்டும். ஒரே ஒரு கல் எதிர்த்திசையில் சாய்ந்தாலும் மலை போய்க் கற்குவியல் வந்துவிடும். செடிப்பெட்டியைத் திறக்காமல் வெறும் கல்லை வைத்துப் பார்ப்பேன், எடுப்பேன், மறுபடி வைப்பேன். கல் மட்டும் இருக்கும்போதே அது ஒரு சரிவாகத் தெரிய வேண்டும்.

குட்டி ஜூனிபர் மரம் ஒன்றை நட்டுவிட்டால் உடனே தொட்டி ஒரு மலையின் அளவில் தெரியும் என்பது உண்மை. நான் வைப்பதில்லை. நான் காட்ட நினைப்பது மரங்களின் எல்லைக்கு மேலே இருக்கும் சரிவு, அங்கே மரமே கிடையாது. பொம்மை வீடு, பாலம் எல்லாம் கேட்கவே வேண்டாம்.

நடும்போது வேரைச் சுற்றிய மண்ணை முழுக்க உதறிவிட்டு, ஐஸ் குச்சியளவு தட்டைக் குச்சியால் சந்துக்குள் இறக்குவேன். களிமண் உருண்டை ஒன்றை அடியில் வைத்துச் சின்னக் கல்லை ஆப்பாகச் செருகினால் செடி ஆடாது. வெள்ளி சாக்ஸிஃப்ரேஜ் என்ற மலைச்செடியின் இலை ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். இலைத் துளைகளில் கசியும் நீர் காய்ந்த பிறகு மிஞ்சும் சுண்ணாம்பு அது. பக்கத்தில் ஒரு சைலீன் அகாலிஸ், காற்றில் குளிராமல் தன்னைத்தானே இறுக்கிக்கொண்ட பச்சை மெத்தை. மொத்தமாக ஏழெட்டுச் செடிக்கு மேல் ஒரு தொட்டிக்குக் கொடுப்பதில்லை.

இங்கே இவற்றைக் கொல்வது குளிரைவிட ஈரந்தான். மலையில் குளிர்காலம் முழுக்கப் பனிப்போர்வைக்கடியில் உலர்ந்து தூங்கும் செடி, யார்க்‌ஷயரில் மாதக்கணக்கில் நசநசத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. நவம்பரிலேயே நான்கு செங்கல் வைத்து மேலே கண்ணாடித் தகட்டை நிறுத்திவிடுவோம், பக்கவாட்டில் காற்று நுழையட்டும்.

கண்காட்சி நாளில் வேறொரு கவலை. ஜென்ஷியானா வெர்னா என்ற நீலப்பூச் செடியை வைத்திருந்தேன். பிரிட்டனில் அது இயற்கையாக வளர்வது எங்களுக்கு வடக்கே மேல் டீஸ்டேல் பள்ளத்தாக்கில்தான். அந்த நீலத்துக்காகவே வரும் ஆட்கள் உண்டு. ஆனால் வெயிலும் வெப்பமும் இல்லாவிட்டால் பூ திறக்காது. நடுவர்கள் வந்த காலை மப்பும் மந்தாரமுமாக இருந்தது, எல்லாப் பூவும் மடக்கிய குடைபோல முறுக்கிக்கொண்டு நின்றன. விளக்குப் போட்டுத் திறக்கவைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்றேன், அந்தச் செடியின் இயல்பே அதுதானே. நடுவர்களில் ஒருவர் குனிந்து சைலீன் மெத்தையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, “இது இங்கேயே வேர்விட்டதா?” என்று கேட்டார். போன ஆகஸ்டிலிருந்து இருக்கிறது என்றேன். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மதியம் வெயில் எட்டிப்பார்த்ததும் நீலம் திறந்துகொண்டது.

சாயங்காலம் ஒரு வயதான அம்மா தட்டு நிறையச் செடிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, வீட்டில் ஒரு பழைய சிங்க் இருக்கிறது என்றார். அளவைக் கேட்டேன். ஒரு சாக்ஸிஃப்ரேஜ், ஒரு செம்பர்விவம், ஒரு எரினஸ் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி, மற்றதைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்தேன். சிங்கின் ஓட்டையை அடைக்காதீர்கள், மண்ணில் பாதி ஜல்லியாக இருக்கட்டும் என்று சொல்லி, ஒரு பை ஜல்லியையும் அவர் வண்டியில் ஏற்றிவிட்டேன்.