அன்னம் 7-க்கு எத்தனை புள்ளி?

எனக்கு நீந்தத் தெரியாது. வாழ்க்கையில் நான் இறங்கிய தண்ணீர் எங்கள் தோட்டத்துப் பீலியடிதான். அது கணுக்காலுக்கு மேல் ஏறாது. அப்படிப்பட்ட என்னுடைய பெயர், பாய்மரப் படகுப் பந்தயத்தின் கடமைப் பட்டியலில் "கொடி" என்ற சொல்லுக்கு நேரே, ஒரு வியாழக்கிழமை இரவு வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது.

காரணம் மகள். போன வருடம் நுவரெலியாவில் கிரகரி வாவிப் பக்கம் பட்டம் விடப் போனவள், பாய்மரம் ஓட்டப் பழகுவதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். எங்கள் ஊர்ப் படகுக் கழகம் அப்படியொன்றும் பெரிய இடமில்லை. ஒரு தகரக் கொட்டகை, ஒன்பது பழைய படகுகள், ஓர் அலுமாரி. அலுமாரிக்கு மூன்று சாவி. மூன்றும் கொழும்பில் இருக்கும் ஒருவரிடம். சம்பளத்துக்கு ஆள் கிடையாது என்பதால், பிள்ளை படகில் ஏறினால் வீட்டிலிருந்து ஒருவர் சீசனுக்கு இரண்டு நாள் கரையில் நின்று வேலை செய்தாக வேண்டும். என் மனைவி இதைக் கேள்விப்பட்ட நிமிடத்திலேயே தனக்கு முழங்கால் வலி என்று அறிவித்துவிட்டாள்.

முதல் நாள் எனக்குக் கிடைத்தது தேத்தண்ணிக் கடமை. அதை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நாற்பது பேருக்கு நான் போட்ட பிளேன்டீயை முதலில் வாங்கியவர் டீமேக்கரய்யா. தேயிலைத் தொழிற்சாலைகளிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர், கழகத்தில் பந்தயம் நடத்தும் பொறுப்பு அவருடையது. ஒரு வாய் சர்ரென்று உறிஞ்சினார், வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினார், பக்கத்துப் புல்லில் துப்பினார். ருசி பார்ப்பவர்கள் எந்தத் தேயிலையையும் துப்பத்தான் செய்வார்கள் என்று நான் தேறிக்கொள்ளப் பார்த்தேன். அவர் கோப்பையை மெதுவாக என்னிடமே நீட்டி, "தம்பி, ஒங்களுக்கு வேற வேல பாப்போம்" என்றார்.

அந்த வேறு வேலைதான் கொடி.

ஏப்ரலில் நுவரெலியா எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலாம் திகதி பாடசாலைப் பிள்ளைகளின் பேண்ட் வாத்தியத்தோடு சீசன் தொடங்கினால், பாதிக் கொழும்பு மேலே ஏறிவிடும். குதிரைக்குப் பந்தயம், பூவுக்குக் கண்காட்சி, காருக்கு 1934-இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றம். இத்தனைக்கும் நடுவில் எங்கள் ஒன்பது படகுக்கும் ஒரு நாள். வாவி என்னவோ பழையதுதான்: 1873-இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உண்டாக்கியது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே பாய்மரம் ஓட்டுகிறோம் என்பதில் எங்களுக்குப் பெருமை அதிகம். காற்று அவ்வளவு உயரம் ஏறி வருகிறதா என்பதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

காற்று வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் வரவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று குடையைப் பிடுங்கிப் பக்கத்து லயத்துக் கூரையில் வைத்துவிடும். அப்போது பார்க்க ஒரு குருவி இருக்காது. பார்க்க ஆள் இருக்கும் ஏப்ரலோ இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதம்: காலையில் இலை அசையாது, மத்தியானம் தாண்டினால் இடி.

காலை ஏழரைக்கு ஜேர்சியும் குல்லாவுமாகப் போய் நின்றேன். டீமேக்கரய்யா பீதுருதாலகால மலையைப் பார்த்தார், மூக்கை உயர்த்தி ஒரு தரம் மோந்தார். "இன்னைக்குக் கொழுந்து வாடாது தம்பி" என்றார். வாட்டத்துக்குப் பரப்பிய கொழுந்து வாட வேண்டுமானால் காற்றில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும்; ஈரம் கூடினால் பின்னேரம் மழை. கையில் போன் இருந்தும் அவர் அதில் வானிலை பார்த்து நான் கண்டதில்லை.

பிறகு எனக்குப் பாடம் தொடங்கியது. கரையில் ஒரு கம்பம், அதற்கு நேரே தண்ணீரில் ஒரு செம்மஞ்சள் மிதவை. இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு. தொடக்கமும் அதுதான், முடிவும் அதுதான். ஐந்து நிமிடம் இருக்கும்போது கழகக் கொடி ஏற வேண்டும். நான்கு நிமிடத்தில் நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் போட்ட கொடி ஏற வேண்டும். ஒரு நிமிடத்தில் அது இறங்க வேண்டும். பூச்சியத்தில் கழகக் கொடியும் இறங்கினால் பந்தயம் ஆரம்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹோர்ன். பந்தயத்தைத் தள்ளிப்போட சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட நீள முக்கோணம். எல்லோரையும் திருப்பிக் கூப்பிட நீலக் கரை வைத்த மஞ்சள் முக்கோணம். பந்தயத்தையே கைவிட நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடி.

"வெளங்குச்சா தம்பி?"

"வெளங்குச்சுங்க அய்யா" என்றேன். பள்ளிக்கூடத்திலும் கணக்கு வாத்தியாரிடம் இதைத்தான் சொல்வேன்.

ஹோர்னைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கழகத்திடம் காற்றடைத்த டப்பா ஹோர்ன் ஒன்று இருந்தது. அது தீர்ந்து எத்தனையோ மாதம். புதிதாக வாங்கக் காசு இல்லை. யாரோ ஓர் உறுப்பினர் பஸ் கராஜ் ஒன்றிலிருந்து பழைய பஸ் ஹோர்ன் ஒன்றைக் கொண்டுவந்து, பெற்றரியோடு இணைத்து, மரப்பெட்டியில் ஆணியடித்துக் கொடுத்திருந்தார். அருமையான சத்தம். அடித்தால் அக்கரையில் குதிரைகள் காதை விறைக்கும். வாவியை ஒட்டியே பதுளை வீதி போகிறது என்பதும், அந்த வீதியில் நாள் முழுக்க பஸ் ஓடுகிறது என்பதும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்பது மணிப் பந்தயத்துக்குக் காற்று வரவில்லை. சிவப்பு வெள்ளை முக்கோணத்தை ஏற்றினேன், இரண்டு ஹோர்ன். அது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு ஈரத் துவாய் மாதிரித் தொங்கியது. ஒன்பது படகும் இளநீலப் பாயை விரித்தபடி, சட்டமிட்டு மாட்டிய படம் போல நின்றன. பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. பிள்ளைகள் படகிலிருந்தபடியே ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டு முடித்தார்கள். கரையில் நின்ற ஒருவர் வெகு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, ஒம்பதுக்கும் ஒரே நேரத்துல எஞ்சின் பழுதா?"

எஞ்சின் கிடையாது, காற்றில்தான் ஓடும் என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், கம்பத்தில் தொங்கும் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய் அன்னப் படகுக்கு டிக்கெட் எடுத்தார்.

பன்னிரண்டேகாலுக்கு வாவியின் ஒரு மூலையில் தண்ணீர் கறுத்தது. காற்று வரும்போது தண்ணீர் அப்படித்தான் சுருங்கிக் கறுக்குமாம். டீமேக்கரய்யா எழுந்து நின்றார். நான் கொடிகளைக் கையில் எடுத்தேன். என் கை நடுங்கியது குளிரால் என்றுதான் இன்றுவரை வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐந்து நிமிடம், சரி. நான்கு நிமிடம், சரி. ஒரு நிமிடம்: நீலக் கொடியை இறக்கினேன், நீளமாக ஒரு ஹோர்ன். படகுகள் கோட்டுக்குப் பின்னால் முட்டி மோதிக்கொண்டு வந்தன. இன்னும் இருபது வினாடி. அப்போது பதுளைப் பக்கமிருந்து வந்த தனியார் பஸ் ஒன்று வளைவில் ஒரு முச்சக்கரவண்டியைக் கண்டு அடித்ததே ஒரு ஹோர்ன்! அச்சு அசல் எங்கள் ஹோர்னின் உடன்பிறப்பு.

ஆறு படகுகள் பாய்ந்துவிட்டன. மூன்று நின்றன. நின்ற மூன்றில் ஒன்று என் மகளுடையது. பாய்மரப் பந்தயச் சட்டத்தில் நேரத்துக்குக் கொடிதான் கணக்கு, சத்தம் கணக்கில்லை. ஹோர்ன் அடிக்காமலே போனாலும் கொடி இறங்கியதுதான் செல்லும். அவள் கழகக் கொடியையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. கண் கலங்கினால் கொடியின் நிறம் சரியாகத் தெரியாது.

"திருப்பிக் கூப்புடுங்க தம்பி! முக்கோணம், முக்கோணம்!" என்று அய்யா கத்தினார்.

நான் ஏற்றியது கட்டம் போட்டது.

தொடங்குவதற்கு முன்பே பந்தயம் கைவிடப்பட்டது. பாய்ந்த ஆறு படகும் பாயைத் தளர்த்திவிட்டுக் கரைக்குத் திரும்பின. நின்ற மூன்றும் திரும்பின. கரை சேர்ந்த மற்ற எல்லோரும் நேரே ரோல்ஸ் தட்டை நோக்கி நடந்தார்கள். மகள் மட்டும் படகிலேயே இருந்தாள். "அப்பா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவளுடைய அப்பாயி, அதாவது என் அம்மா, தன் அப்பா கள்ளுக் குடித்துவிட்டு வந்த நாளில் எந்தக் குரலில் அவரைக் கூப்பிடுவாராம், அதே குரல்.

மறுபடி ஒருமுறை எல்லாம் தொடங்கி, பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு வழியாகப் பந்தயம் ஓடியது. இந்தத் தடவை அய்யா ஒரு பையனைத் தெருவோரமாக நிறுத்தி, பஸ் வந்தால் கைகாட்டி ஹோர்ன் அடிக்க வேண்டாமென்று கெஞ்சச் சொல்லியிருந்தார். பையன் கைகாட்டிய மூன்று பஸ்ஸும் நின்று, எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போயின.

மகள் நன்றாகவே ஓட்டினாள். கடைசி மிதவையை நெருங்கும்போது மூன்றாவது. அந்த மிதவையை ஒட்டி ஓர் அன்னம் நின்றது. வெள்ளை நிறம், நீளக் கழுத்து, விலாவில் பெரிதாக 7. உள்ளே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதுமணத் தம்பதி. அவர் மிதிக்கிறார், அந்தப் பெண் சுக்கானைப் பிடித்திருக்கிறாள், அல்லது மறுவளமாக. எப்படியிருந்தாலும் அன்னம் நின்ற இடத்தில் வட்டம் போட்டது.

"ஸ்டார்போர்ட்! ஸ்டார்போர்ட்!" என்று மகள் கத்தினாள். காற்று என் வலப் பக்கத்திலிருந்து வருகிறது, நீதான் விலக வேண்டும் என்று அதற்கு அர்த்தம். போட்டிப் படகுகளுக்கு அது விளங்கும். அந்தப் பெண் சந்தோஷமாகக் கையசைத்தாள்.

"விலகுங்க! விலகுங்க!"

"நாங்கள் என்ன செய்யிறது தங்கச்சி, அன்னம் திரும்புதில்லை!" என்றார் அவர்.

அன்னத்துக்கு விலகப் போய் மகளின் படகு மிதவையில் உரசியது. மிதவையைத் தொட்டால் தண்டனையாக ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். யாரும் பார்க்கவில்லை, சும்மா போயிருக்கலாம். அவள் சுற்றினாள். சுற்றி முடிப்பதற்குள் நான்கு படகுகள் தாண்டிப் போய்விட்டன. அன்னத்துக்கோ அந்நேரம் பார்த்து ஞானம் பிறந்தது. அது நேராகத் திரும்பி, எங்கள் கம்பத்தை நோக்கி, முன்னால் வந்துகொண்டிருந்த படகுகளுக்கும் முன்னால், ஒரே மிதியாக வந்தது.

டீமேக்கரய்யா ஒற்றைக் கண்ணை மூடிக் கம்பத்தோடு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணுக்கு முன்னால் எது கடந்தாலும் அவர் கை தானாக அழுத்தும். அழுத்தியது. பக்கத்தில் குனிந்தபடி நேரம் எழுதிக்கொண்டிருந்த டீச்சரம்மா, தலையைத் தூக்கி நம்பரை மட்டும் பார்த்து, "முதலாம் இடம், ஏழு" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான், "ஏழு நம்ம லிஸ்ட்லயே இல்லையே?" என்றார்.

ஹோர்ன் சத்தத்தைத் தங்களுக்கான மரியாதையாக எடுத்துக்கொண்ட தம்பதி திரும்பவும் கையசைத்தார்கள்.

இரண்டாம் பந்தயத்துக்கு நேரமில்லை. இரண்டு மணிக்கு முன்பே மலைக்குப் பின்னால் உருண்டது முதல் இடி. தண்ணீருக்கு நடுவே உயரமான உலோகக் கம்பத்தோடு பிள்ளைகள் நிற்கும்போது யோசிக்க ஒன்றுமில்லை. கட்டம் போட்ட கொடி, மூன்று ஹோர்ன். யாரும் சொல்லித்தராமல் நானே ஏற்றினேன். இந்த ஒரு கொடி எனக்கு இனி ஆயுசுக்கும் மறக்காது. ஐந்து நிமிடத்தில் மழை கொட்டியது. தகரக் கொட்டகைக்குள் நாற்பது பேர், ஈரப் பாய்கள், அன்னத்துத் தம்பதி, பிளேன்டீ. பிளேன்டீயை நான் போடவில்லை.

"கொழுந்து வாடாதுன்னு சொன்னேனே" என்றார் அய்யா, யாரிடமும் இல்லாமல்.

வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பேத்தியின் தலையைத் துவட்டிக்கொண்டே எத்தனை மார்க் என்று கேட்டார். பாய்மரத்தில் புள்ளி தலைகீழ்: முதல் வந்தால் ஒன்று, இரண்டாவது வந்தால் இரண்டு, கூட்டிப் பார்த்துக் குறைந்தவருக்கே கோப்பை. மகள் அதை விளக்கும் நிலைமையில் இல்லை. "ஏழு" என்றாள்.

"முதலா வந்த பையனுக்கு?"

"ஒன்னு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் விளக்க வாயெடுத்தேன், மனைவி கண்ணைக் காட்டினாள், விட்டுவிட்டேன். பிறகு மகள் அன்னம் குறுக்கே வந்த கதையையும், மிதவையில் உரசிய கதையையும், டீச்சரம்மா அதை முதலாவதாக எழுதிய கதையையும் சொன்னாள். அம்மா துவாயை நிறுத்தினார்.

"ஒன்ன மறிச்சிச்சே, அந்த அன்னத்துக்கு எத்தன குடுத்தாங்க?"

"அதுக்கும் ஒன்னுதான் அப்பாயி. பொறகு வெட்டிட்டாங்க."

"நல்லா வேணும்" என்றார் அம்மா.