ஃபார்மட் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

விட்டு விட்டு உறையும் கம்ப்யூட்டருக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் ஃபார்மட், அதாவது டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது. செங்கோட்டையில் கேட்டாலும் அதுதான், ஆரியங்காவு தாண்டிப் புனலூரில் கேட்டாலும் அதுதான். சில சமயம் அது பலிக்கவும் செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் கோளாறு விண்டோஸில் இருந்தால்தான் ஃபார்மட்டில் சரியாகும். வயரிலோ டிஸ்கிலோ ராம் என்கிற தற்காலிக நினைவகத்திலோ இருந்தால் இரண்டு நாள் நன்றாக ஓடுவதுபோல் தெரிந்து மறுபடி அதே கதைதான், அதற்குள் பிள்ளைகளின் போட்டோவும் வீட்டுக் கணக்கும் போயிருக்கும். அதற்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் உறையும்போது எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

புளியரையில் இருக்கும் என் மாமா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்துக் கொட்டாரக்கரை, கொல்லம் பக்கம் லோடு அனுப்புகிறவர். வீட்டு முன்னறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது, லோடு பில், வரவு செலவு எல்லாம் அதில்தான். இந்த வருஷம் சாரல் தொடங்கியதிலிருந்து அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. பில்லில் எடையை அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுவிடும், அரை நிமிடம் போல ஒன்றும் நடக்காது, அப்புறம் அதுவரை அடித்த எழுத்தெல்லாம் மொத்தமாக வந்து விழும். தெருவில் லாரி நிற்கும், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். ஒரு கடையில் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள், சரியாகவில்லை. இன்னொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதுசுதான் போடணும் என்றார்கள். இந்த மாதிரிக் கோளாறில் பெரிய தொல்லையே, கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஒழுங்காக ஓடும் என்பதுதான்.

"மருமவனே, நீ ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன். ஓணத்து லோடு வாரதுக்குள்ள இது சரியாவணும்" என்றார் மாமா.

போனதும் நான் எதையும் கழற்றவில்லை. மாமாவைப் பில் அடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உறைந்தபோது மவுஸ் அம்பு ஓடியது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் பதில் இல்லை. கீபோர்டில் நம்லாக்கை அமுக்கினால் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. கேபினட்டின் முன்பக்கம் டிஸ்க் விளக்கு மட்டும் சிமிட்டாமல் விடாமல் எரிந்துகொண்டே இருந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் ஓரளவு பிடிபட்டுவிடும். அம்பும் நம்லாக்கும் வேலை செய்கிறது என்றால் பிராசசரும் விண்டோஸின் உள்கருவும் உயிரோடு இருக்கின்றன, டிஸ்கிலிருந்து வர வேண்டிய எதற்காகவோ மற்றதெல்லாம் காத்திருக்கிறது. அம்பும் நின்று, நம்லாக் விளக்கும் மாறாமல், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ட்ர்ர்ர் என்று ஒரே சத்தத்தில் மாட்டிக்கொண்டால் அது வேறு சாதி. அப்போது ராம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, டிரைவர் இவற்றின் மேல்தான் சந்தேகம் போக வேண்டும்.

என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை முன்கூட்டியே திறந்து, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், உறைந்த பிறகு திறக்கப் பார்த்தால் திறக்காது. மாமா கம்ப்யூட்டரில் உறைந்து மீண்ட உடனே பார்த்தபோது டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டியது, ஆனால் படித்ததும் எழுதியதும் கிட்டத்தட்ட பூஜ்யம். இது முக்கியமான இடம். 100 சதவீதம் இருந்து, எழுதும் வேகமும் அதிகமாக இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் டிஸ்கைப் போட்டு வாட்டுகிறது, ஆன்டிவைரஸ் ஸ்கேனோ அப்டேட்டோ, யார் என்று பிராசஸ் பட்டியலில் தெரிந்துவிடும். 100 சதவீதம் காட்டிக்கொண்டு ஒன்றுமே நகரவில்லை என்றால் டிஸ்க் பதில் சொல்லவே இல்லை என்று அர்த்தம். அதே பக்கத்தில் சராசரிப் பதில் நேரம் என்று ஒன்று இருக்கும். நல்ல ஹார்டு டிஸ்கில் அது பத்து இருபது மில்லிசெகண்டில் ஓடும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்கில் அதைவிட மிகக் குறைவு. இங்கே ஆயிரக்கணக்கில் இருந்தது.

அடுத்தது ஈவென்ட் வியூவர். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு நாட்குறிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். உறைந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துத் தாளில் எழுதி வைத்திருந்தால் அந்த நேரத்துக்குப் போய் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். எண் 7 என்றால் டிஸ்கில் கெட்ட பகுதி. எண் 153 என்றால் டிஸ்குக்குக் கொடுத்த வேலையை மறுபடி கொடுக்க வேண்டி வந்தது. எண் 129 என்றால் டிஸ்க் பதிலே தராமல் போய் அதை ரீசெட் செய்ய வேண்டி வந்தது. மாமா கம்ப்யூட்டரில் 129 வரிசையாக இருந்தது, ஒவ்வொன்றும் அவர் எரிச்சல்பட்ட நேரத்தோடு பொருந்தியது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கெர்னல் லாகில் இதே செய்தி லிங்க் ரீசெட் என்று வரும்.

இங்கேதான் பலரும் "டிஸ்க் போச்சு" என்று முடிவு கட்டுவார்கள். பொறுங்கள், டிஸ்கா டிஸ்குக்குப் போகும் வயரா என்று பிரித்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது, அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் பார்க்கலாம். எண்கள் பதினாறடிமானத்தில் காட்டும், அமைப்பில் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் படிக்க எளிது. 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளும் டிஸ்கின் தட்டு கெடுவதைச் சொல்பவை. சி7 என்ற வரி மட்டும் வேறு, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகிற வழியில் தகவல் சிதைந்து, கண்டுபிடிக்கப்பட்டு, மறுபடி அனுப்பப்பட்ட எண்ணிக்கை அது.

மாமா டிஸ்கில் 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். சி7 நான்கு இலக்கத்தில் இருந்தது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு, இன்னொரு முறை உறைந்ததும் பார்த்தால் கூடியிருந்தது. அத்தை காப்பி கொண்டுவந்து வைத்த நேரத்தில் நான் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிக் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சிவப்பு சாட்டா கேபிள், இரண்டு முனையிலும் பூட்டும் கிளிப் இல்லாத பழைய வகை. டிஸ்கின் பக்கம் தகடு அதை அமுக்கி அமுக்கி முனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உருவிப் பார்த்தால் பொன்னிறமாக இருக்க வேண்டிய காண்டாக்டில் சிலது மங்கிக் கறுத்திருந்தது.

எங்கள் ஊர் ஈரத்தை அனுபவித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலை இடைவெளி வழியாகக் காற்றும் சாரலும் உள்ளே வந்துகொண்டே இருக்கும், அலமாரியில் வைத்த பெல்ட் பூஞ்சை பிடிக்கும், உப்பு கசியும். சாய்ந்து அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த முனை கோடையில் சமாளித்திருக்கிறது, சாரலில் முடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் ஆட்டத்தில் முனை கொஞ்சம் நகர்ந்து நன்றாகத் தொட்டிருக்கும், அங்கே ஒழுங்காக ஓடியதும் அதனால்தான் இருக்க வேண்டும்.

கிளிப் உள்ள புதுக் கேபிள், ஒரு டீ பலகாரச் செலவுதான். மதர்போர்டில் வேறு துளையில் செருகினேன். சி7 எண் புதுக் கேபிள் போட்டாலும் குறையாது, அது மொத்தக் கணக்கு, ஆனால் மேலே ஏறுவது நின்றுவிட வேண்டும். நின்றுவிட்டது.

இதுவே சி5 ஏறிக்கொண்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். கெட்ட பகுதியைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், வீட்டு டெஸ்க்டாப் டிஸ்குகள் பல பத்து விநாடிகள் வரை விடாமல் முயலும், அவ்வளவு நேரமும் நீங்கள் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நிலையில் ஃபார்மட், டிஸ்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் என்று எதையும் போட்டு டிஸ்கை இன்னும் உழைக்க வைக்காதீர்கள். முதலில் முக்கியமானதை வேறு இடத்துக்கு எடுங்கள், அப்புறம் டிஸ்கை மாற்றுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன், திருமணப் போட்டோ போய் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற காரணங்கள். வேலை கூடும்போது மட்டும் திக்கித் திக்கி ஓடி, சும்மா இருக்கும்போது சரியாக இருந்தால் சூடு. இன்டெல் பிராசசர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை ஒட்டித் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேனில் தூசியும், பிராசசரின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்துபோவதும்தான் வழக்கமான குற்றவாளிகள். நேரம் காலம் இல்லாமல் மொத்தமாக உறைந்தால் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதிக்கும் புரோகிராமைப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டியதுதான். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்கிக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவது உறைவது இல்லை, ஈவென்ட் வியூவரில் அதற்கு எண் 41 வரும், யூபிஎஸ் பேட்டரியையும் பவர் சப்ளையையும் பாருங்கள்.

சில சமயம் கோளாறு வீட்டில் யார் கையிலும் இருக்காது. ஏஎம்டி ரைசன் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கும் மதர்போர்டு மென்பொருள்) இருக்கும் சிப்போடு பேசும்போது சத்தமும் அம்பும் சேர்ந்து ஓரிரு விநாடி திக்கின. ஏஎம்டியே 2022 மார்ச்சில் அதை ஒப்புக்கொண்டது, பயாஸ் அப்டேட்டில் சரிசெய்தார்கள். அதற்கும் முன்னால் குருஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டி, மொத்தம் 5184 மணி நேரம் ஓடிய பிறகு நின்றுபோகும், மறுபடி போட்டால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். அதைச் சரிசெய்ய 2012 ஜனவரியில் புது ஃபர்ம்வேர், அதாவது எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருள், விட்டார்கள். இப்படிப்பட்ட கோளாறில் எத்தனை தடவை ஃபார்மட் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. பயாஸ் அப்டேட்டும் எஸ்எஸ்டி ஃபர்ம்வேரும் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்ப்பது பத்து நிமிட வேலை, பேக்கப் எடுத்துவிட்டு, கரன்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

மாமா கம்ப்யூட்டரில் சாரல் இன்னும் விடாத இந்த நேரத்திலும் 129 புதிதாக எதுவும் பதிவாகவில்லை. ஆனாலும் டிஸ்க் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்தால் ரொம்ப வயதாகிவிட்டது, அதனால் ஒரு எஸ்எஸ்டி வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஓண லோடு பணம் கைக்கு வந்ததும் வாங்கலாம் என்றிருக்கிறார். அதுவரை வாரம் ஒரு தடவை கணக்கைப் பென்டிரைவில் எடுத்து வைப்பது அத்தை பொறுப்பு, எப்படி என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.